சாலைக் கம்போளம் ஏன் கிழக்கே மட்டும் நீள்கிறது?

வெட்டுமணி வேலன்:

தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். சீருக்கு வெண்கல உருளி எடுக்க வேண்டும். மார்த்தாண்டத்திலேயே நாலு கடை இருக்கிறதே என்றேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "உருளின்னா சாலையில எடுக்கணும். எனக்கு எங்கம்மா அங்கதான் எடுத்தா" என்று நின்றுவிட்டாள். சாலை என்றால் திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளம், அதாவது கடைத்தெரு. சரி என்று போன சனிக்கிழமை திருவந்திரத்துக்கு பஸ் ஏறினோம்.

தம்பானூரில் இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, கிழக்கே கோட்டை (பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய கோட்டையின் கிழக்கு வாசல்) வழியாகக் கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். பலசரக்கு, மிளகாய் வற்றல், கயிறு, பித்தளை, தங்கம், பிளாஸ்டிக் குடம். நடக்க நடக்கத் தெரு முடியவில்லை. ஆரியசாலை முக்குக்கு வருவதற்குள் அம்மாவுக்குக் கால் வலி. முதலில் நுழைந்த கடையில் எடை மீது அம்மாவுக்குச் சந்தேகம். பையில் இருந்த ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை எடுத்துத் தராசில் வைத்தாள். 1,080 காட்டியது. கடைக்காரர் தராசை முறைத்தார், அம்மா கடைக்காரரை முறைத்தாள். கடையின் பெயர் இங்கே வேண்டாம். உருளி இல்லாமலே திரும்பினோம்.

பஸ்ஸில் வரும்போது ஒரு யோசனை. கோட்டைக்கு மேற்கேயும் வாசல் உண்டு. அந்தப் பக்கம்தான் வள்ளக்கடவு, படகில் சரக்கு வந்து இறங்கிய இடம். அங்கே சந்தை வளராமல், கிழக்கு வாசலில் தொடங்கி கிள்ளிப்பாலம் வரை ஒரே கோடாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் கடைத்தெரு ஏன் போகிறது? இன்னொன்று, 'சாலை' என்ற பேர் ரோட்டைக் குறிக்கிறதா, வேறு ஏதாவதா? அங்கே இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கரமனை கோமதி:

தம்பி, கேள்வியில் பாதி பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நீங்கள் வந்த ரோட்டைத் திரும்பிப் பாருங்கள்.

திருவிதாங்கூரின் தலைநகரம் முதலில் பத்மநாபபுரம், உங்கள் தக்கலை பக்கத்தில். 1795இல் தர்மராஜா கார்த்திகைத் திருநாள் காலத்தில்தான் அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. தலைநகரம் மாறினால் ராஜா மட்டுமா வருவார்? பட்டாளம், கணக்கர், புரோகிதர், நெய்கிறவர், விற்கிறவர் எல்லாரும் பின்னால் வருவார்கள். நீங்கள் கும்பிட்ட பழவங்காடிப் பிள்ளையாரே பத்மநாபபுரத்திலிருந்து நாயர் பட்டாளத்தோடு வந்தவர்தான். இன்றைக்கும் அந்தக் கோயிலை ராணுவம்தான் பார்த்துக்கொள்கிறது. 'பழவங்காடி' என்ற பேரைப் பிரித்தால் பழைய அங்காடி. சாலைக்கு முன்பே அங்கே ஏதோ ஒரு கடைத்தெரு இருந்தது என்று பேரே சொல்கிறது.

சாலைச் சந்தையை ஏற்பாடு செய்தவர் திவான் ராஜா கேசவதாஸ். 1789இல் திவான் ஆனவர். ஆலப்புழைத் துறைமுகத்தை எழுப்பியவரும் அவர்தான். பிறந்த ஊர் விளவங்கோடு பக்கம் குன்னத்தூர். ஆக, ஊர்க்காரர்தான் உங்கள் அம்மாவுக்குக் கடைத்தெரு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இனி நிலத்தைப் பாருங்கள். கோட்டைக்கு மேற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் கடல், இடையில் மணல். தெற்கே போக வேண்டுமானால் இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். முதலில் கிள்ளியாறு, கொஞ்ச தூரத்தில் கரமனையாறு. இரண்டும் கீழே சேர்ந்து திருவல்லம் பக்கம் கடலுக்குப் போகின்றன. பத்மநாபபுரத்து வழி இந்த இரண்டையும் கடக்கிற இடம்தான் கிள்ளிப்பாலமும் கரமனையும். கோட்டையின் கிழக்கு வாசலையும் கிள்ளியாற்றுக் கடவையும் ஒரு கோட்டால் இணைத்தால் அதுதான் சாலை. சந்தைக்கென்று யாரும் தனியாக இடம் தேடவில்லை. வண்டி வந்த வழி ஓரத்தில் கடை போட்டார்கள்.

பாறசாலை பஸ்:

கோமதி அக்கா சொன்னது சரிதான். வேலன் அண்ணன் கேட்ட படகு விஷயத்துக்கு நான் வருகிறேன்.

வடக்கிலிருந்து வந்த சரக்கு தண்ணீர் வழியாக வந்தது. கௌரி பார்வதி பாய் ஆட்சியில் (1815–1829) வெட்டிய பார்வதி புத்தனாறு வள்ளக்கடவிலிருந்து கடினங்குளம் காயல் வரை போகிறது. அங்கிருந்து கொல்லம், ஆலப்புழை. ஆனால் வள்ளக்கடவோடு தண்ணீர்வழி நின்றுவிடும். தெற்கே கொண்டுபோக ஆசைப்பட்டு 1860இல் அனந்தன் விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயைத் தொடங்கினார்கள். கன்னியாகுமரி வரை என்று திட்டம். பூவாரிலிருந்து நம் பக்கம் குளச்சல் வட்டாரம் வரைதான் வெட்டினார்கள், தலைநகரத்தோடு சேரவே இல்லை. இன்றைக்கு அதில் படகு எங்கே, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது.

ஆக, வடக்கத்திச் சரக்கு வள்ளத்தில், தெக்கத்திச் சரக்கு மாட்டு வண்டியில். வண்டியில் வந்தது என்ன? நாஞ்சில் நாட்டு நெல்லும் அரிசியும், கருப்பட்டி, உப்பு, புளி, பனை ஓலைச் சாமான். ஒரு நாட்டுக்கே நெற்களஞ்சியம் தெற்கில் இருந்தால் தலைநகரத்துக் கடைத்தெரு தெற்கு வழியில்தானே இருக்கும்?

ரயில் ரொம்பப் பிந்தி வந்தது. முதலில் சாக்கை பக்கத்தில் நின்றது, தம்பானூருக்கு 1931இல்தான் வந்தது. நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குத் தண்டவாளம் போனது 1979இல். அதுவரை நம் ஊர்க்காரனுக்கு பஸ்தான். அரசு பஸ் 1938 பிப்ரவரி 20 அன்று ஓடத் தொடங்கியது. என் பெயர்க்காரணமும் அதுவே.

நாஞ்சில் கல்வெட்டு:

பேர் விஷயத்தை யாரும் தொடவில்லையே. அதுதான் உண்மையான சண்டை.

சாலைத் தெரு முடிகிற பக்கம் வலியசாலை என்று ஓர் இடம். அங்கே காந்தளூர் மகாதேவர் கோயில். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்று சொல்கிறது அல்லவா? அந்தக் காந்தளூர்ச் சாலை இந்த இடம்தான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்து எழுதினார். விழிஞ்ஞம் பக்கம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

பழந்தமிழில் சாலை என்றால் மண்டபம், கூடம், பள்ளி. தார் ரோடு இல்லை. நம் முஞ்சிறை பக்கத்தில் பார்த்திவபுரம் இருக்கிறதே, அந்தச் செப்பேட்டைப் பாருங்கள். ஆய் அரசன் கருநந்தடக்கன் 866இல் அங்கே 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, ஒரு சாலை ஏற்படுத்துகிறான். காந்தளூர் மரியாதையை (விதிமுறையை) பின்பற்றி என்று அதிலேயே இருக்கிறது. சாப்பாடும் படிப்பும் ஆயுதப் பயிற்சியும் ஒரே இடத்தில். ஆகவே சாலைக் கம்போளத்தின் பேரில் ஓடுவது ஆயிரம் வருஷப் பள்ளிக்கூடம்.

பாறசாலை பஸ்:

கல்வெட்டு அண்ணாச்சி, 'கலமறுத்து' என்றால் கப்பலை உடைத்தான் என்றுதான் நாங்கள் பள்ளியில் படித்தோம். பள்ளிக்கூடத்தில் கப்பல் எப்படி வந்தது?

நாஞ்சில் கல்வெட்டு:

வந்தால்தானே! கலம் என்றால் மரக்கலமும்தான், சாப்பிடுகிற பாத்திரமும்தான். சாலையில் இத்தனை பேருக்குச் சோறு என்று ஒரு கணக்கு உண்டு, ராஜராஜன் அதை நிறுத்தினான் அல்லது வரையறுத்தான் என்பது ஒரு கட்சி. கலம் என்பதை வில்லங்கம் என்று எடுத்து, வழக்கைத் தீர்த்து வைத்தான் என்பது இன்னொன்று. கப்பல் கட்சியும் சாகவில்லை. ராஜராஜனுக்குப் பிறகு ராஜாதிராஜனும் முதலாம் குலோத்துங்கனும் இதே பெருமையைச் சொல்லிக்கொள்கிறார்கள். சோற்றுக் கணக்கைச் சரி செய்ததற்கா மூன்று சோழர்கள் மார் தட்டுவார்கள் என்று கப்பல் கட்சி கேட்கிறது. என் ஓட்டு பாத்திரத்துக்கு. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மணக்காடு மைதீன்:

பாத்திரம் வாங்கப் போனவருக்குப் பாத்திரத்திலேயே பதில் வந்துவிட்டதே! படைத்தவன் பெரியவன்.

நான் சாலையில் மிளகு, ஏலம், கிராம்பு புரோக்கர். முப்பது வருஷம் ஆகப் போகிறது. நீங்கள் பேருக்குச் சோழன் வரை போகிறீர்கள். மலையாளத்தில் சால் என்றால் வாய்க்கால், உழவுச் சால். மழை பெய்தால் எங்கள் தெரு அந்த அர்த்தத்துக்கு வந்துவிடும்.

சும்மா சொல்லவில்லை. இந்த நகரத்தைக் குன்றும் பள்ளமுமாகப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அரசாங்கம் வடக்கே மேட்டில் ஏறிக்கொண்டது. 1869இல் பார்ட்டன் கட்டிய ஹஜூர் கச்சேரி, அதாவது இன்றைய தலைமைச் செயலகம், அப்புறம் கல்லூரி, மியூசியம் எல்லாம் அந்தப் பக்கம். கீழே பள்ளத்தில் இருந்தது சந்தை, பள்ளத்திலேயே இருந்துவிட்டது. கிழக்கே கோட்டைக்கு எதிரே உள்ள புத்தரிக்கண்டம் மைதானம் ஒரு காலத்தில் வயல். வயலில் தண்ணீர் நிற்பது அதிசயமா? மேட்டுத் தண்ணீர் தம்பானூர் வழியாக ஆமயிழஞ்சான் தோடு என்கிற ஓடையிலும், எங்கள் பக்கத்துத் தண்ணீர் தெக்கனக்கரை வாய்க்காலிலும் போக வேண்டும். இரண்டின் மேலும் கட்டடம். 2015இல் ஆபரேஷன் அனந்தா என்று இறங்கி, மூடிக் கிடந்த ஓடைகளை உடைத்துத் திறந்தார்கள். அப்போது எத்தனை ஓடைகளின் மேல் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம் என்று எங்களுக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் பரவாயில்லை. மூட்டையை இன்னும் பலகைக்கு மேல்தான் அடுக்குகிறேன்.

வேலன் தம்பி மெயின் தெருவில் மட்டும் நடந்திருக்கிறார். சாலையின் உயிர் குறுக்குத் தெருக்களில். கொத்துவால் தெரு, சபாபதி கோயில் தெரு என்று பேர்களைக் கேட்டாலே யார் யார் வந்து குடியேறினார்கள் என்று தெரியும். செட்டியார், வெள்ளாளர், நாடார், ராவுத்தர், ஐயர் எல்லாரும் ஒரு தெருவுக்குள். பில் மலையாளத்தில், பேரம் தமிழில், வசவு இரண்டிலும். என் வாப்பா சொல்வார், ராஜா காலத்தில் 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம் என்று. பாண்டி நாட்டு வியாபாரியிடம் அந்த அரைச் சக்கரத்தில் ஏமாறாதவன்தான் சாலையில் நிலைத்தான்.

சுமட்டுக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதித் தெருக்களில் லாரி திரும்ப முடியாது. அவர்கள் தலைச்சுமை இல்லாவிட்டால் சந்தை ஒரு நாள் ஓடாது. ஆனால் நோக்குகூலி என்று ஒன்று இருந்தது. நம் ஆளை வைத்து நாமே இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி. ஒருமுறை என் சொந்த ஸ்கூட்டரில் கொண்டுவந்த அரை மூட்டை ஏலக்காய்க்குக் கேட்டார்கள். எந்தச் சங்கம் என்பது வேண்டாம். 2018 மே 1 முதல் அரசு அதை நிறுத்தியது. மே தினத்தில் நிறுத்தினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்.

தோவாளை பூ:

அண்ணாச்சிமாரே, பூவை விட்டுவிட்டீர்கள்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சாலைக்குப் பூ போகிறது. ராத்திரி கட்டி ஏற்றினால் எண்பது கிலோமீட்டர் போல. விடியும் முன்னே அங்கே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் விலை விழுந்துவிடும். ஓணத்துக்கு அத்தம் தொடங்கிப் பத்து நாள் எங்கள் ஊரில் யாரும் தூங்குவதில்லை. அத்தப்பூக் கோலத்துக்கு அவர்களுக்கு வேண்டியது வாடாமல்லி, கேந்தி, அரளி. ஓணம் அவர்களுக்கு, தீபாவளி எங்களுக்கு என்று எங்கள் அப்பா சொல்வார். அந்த வருமானத்தில்தான் தீபாவளித் துணி.

சின்ன வயசில் லோடோடு போய், மூட்டை மேல் தூங்கி, சாலையில் கண் விழித்திருக்கிறேன். எனக்குத் திருவனந்தபுரம் என்றால் முதலில் வருவது கோபுரம் இல்லை, ஈரச் சாக்கும் பிச்சிப் பூவும் கலந்த வாசனை.

கரமனை கோமதி:

தோவாளைத் தம்பி சொன்னதும் நவராத்திரி ஞாபகம் வந்தது. வேலனுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் அந்த ஊர்வலத்தைப் பார்க்கட்டும். சந்தையின் வரைபடத்தைச் சாமிகளே நடந்து காட்டுகிறார்கள்.

பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. மூன்று பேரும் வருஷா வருஷம் அரண்மனையிலிருந்து உடைவாளோடு புறப்படுவார்கள். குழித்துறையில் ஒரு ராத்திரி, நெய்யாற்றங்கரையில் ஒரு ராத்திரி. களியக்காவிளையில் எல்லை தாண்டும்போது கேரளப் போலீஸ் மரியாதை. மூன்றாம் நாள் எங்கள் கரமனை வழியாக வந்து, கிள்ளிப்பாலம் தாண்டி, கோட்டைக்குப் போவார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில். ஆனால் குமாரசுவாமி தங்குவது ஆரியசாலைக் கோயிலில், நங்கை தங்குவது செந்திட்டைக் கோயிலில். இரண்டும் சந்தை ஓரத்து இடங்கள். தலைநகரம் மாறி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, சாமிகள் மட்டும் இன்னும் பழைய வீட்டிலேயே குடியிருந்து, பண்டிகைக்கு மட்டும் புது வீட்டுக்கு வருகிறார்கள்.

கிள்ளியாற்றங்கரையில் ஆற்றுகால் வேறு. மதுரையை எரித்துவிட்டுக் கன்னியாகுமரி வழியாகக் கொடுங்கல்லூர் போன கண்ணகி அங்கே தங்கினாள் என்பது கதை. கும்ப மாதப் பொங்காலை அன்று சாலைத் தெரு முழுக்கச் செங்கல் அடுப்புதான். அந்த ஒரு நாள் கடைக்காரர்கள் வாசலைப் பெண்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்கள். நான் சபாபதி கோயில் தெரு முனையில் ஒரே இடத்தில் இருபத்திரண்டு வருஷம் பானை வைத்தேன். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை.

எல்லைச்சாமி:

எல்லாம் படித்தேன். திவான் நம் ஊர், சாமி நம் ஊர், அரிசி நம் ஊர், பூ நம் ஊர். அப்படியானால் சாலை நம்முடையது என்று நேராகச் சொல்ல ஏன் தயக்கம்? 1956இல் விட்டுக்கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

மணக்காடு மைதீன்:

தம்பி, கடைத்தெரு யாருடையது என்று கேட்டால் வாடகை கொடுக்கிறவனுடையது. மிளகு இடுக்கியிலிருந்து வருகிறது, ஏலமும் அங்கிருந்துதான். நீங்கள் தேடும் வெண்கல உருளி மாந்நாரில் வார்த்தது. அவர்கள் வந்து கணக்குக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பாறசாலை பஸ்:

எல்லைச்சாமி, 'விட்டுக்கொடுத்தோம்' என்ற வார்த்தை என்னைக் கொஞ்சம் குத்துகிறது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள்? தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டம் அது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தலைநகரத்தை விட்டு வந்தது நாம் கேட்டு வந்தது.

ஆனால் வழி அறுந்துவிடவில்லை. எங்கள் வீட்டுப் பழைய பிரமாணம் (பத்திரம்) மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. வாசிக்க இன்றும் ஆள் தேட வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் மிஞ்சிய தமிழர் பிள்ளைகளுக்குச் சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. பாலராமபுரத்தில் நெசவுக்கு வந்த சாலியர் தெருவும் அப்படியே. நான் மலையாளத்தில் படித்தேன், தமிழில் சண்டை போடுகிறேன்.

இன்னொன்று. 'நம்முடையது' என்று சொல்லும்போது அந்த நாட்டின் வழிகளில் எல்லாரும் நடக்க முடிந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெங்ஙானூர் அய்யன்காளி 1893இல் வில்வண்டியில் பொது வழியில் ஏறிப் போனது எதற்கு? அந்த வழிகளில் அவர் சாதியார் நடக்கவே கூடாது என்றிருந்ததால்தான். ராஜா காலத்துப் பெருமையை மட்டும் எடை போட்டால், வேலன் அம்மா பார்த்த தராசு மாதிரிதான்.

நாஞ்சில் கல்வெட்டு:

பாறசாலைத் தம்பிக்கு என் கை. ராஜா கேசவதாஸின் தாய்மொழி எது என்று தேட ஆரம்பித்தால் இந்த இழை ஆறு மாதம் ஓடும். அதனால் விடுகிறேன்.

சாலையைத் தமிழில் எழுதியவர் ஆ. மாதவன், அவரைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 1934இல் பிறந்து, 2021இல் காலமானார். பல வருஷம் சாலையில் கடை வைத்துக்கொண்டே கதை எழுதினார். 2015இல் சாகித்ய அகாதெமி விருது. ஊர்வலத்தில் வரும் சாமியை அவர் எழுதவில்லை. சுமட்டுக்காரன், திருடன், தெருநாய், சந்தையை நம்பிப் பிழைத்த பெண்கள், அவர்களைத்தான் எழுதினார். 'கம்போளம்' என்ற மலையாளச் சொல் நமக்கு உறுத்தாமல் இருப்பதே அவரைப் படித்த பழக்கத்தால்தான்.

மணக்காடு மைதீன்:

அவர் கல்லாவில் இருக்கும்போது பார்த்திருக்கிறேன். கூட்டம் இல்லாத நேரத்தில் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். வியாபாரத்தில் கவனம் இல்லையோ என்று நினைத்தேன்!

வெட்டுமணி வேலன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனோம்.

இழையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். சோழன், செப்பேடு எல்லாவற்றுக்கும் ம் கொட்டிக்கொண்டிருந்தவள், கோமதி அக்கா சொன்ன ரோட்டு விஷயம் வந்ததும் நிமிர்ந்தாள். "அதான் நான் அன்னைக்கே கேட்டேன், எதுக்கு தம்பானூர் வரைக்கும் போயி திரும்பி நடக்கணும்னு. எங்கம்மா கிள்ளிப்பாலத்துலயே எறங்கிருவா" என்றாள். அன்றைக்குக் கேட்டாளா என்று எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருப்பாள்.

நேற்று கிள்ளிப்பாலத்தில் இறங்கி மேற்கே நடந்தோம். ஆரியசாலை தாண்டி மூன்றாவது சந்தில் ஒரு சின்னக் கடை. அம்மா சீனிப் பொட்டலத்தை எடுக்கும் முன்பே கடைக்காரர் தராசில் படிக்கல்லை வைத்துக் காட்டினார். சரியாக இருந்தது. "எங்க, மார்த்தாண்டமா?" என்று தமிழில் கேட்டார். உருளி நாலு கிலோ எழுநூறு. கைப்பிடிக்குக் கீழே சின்னதாக ஒரு வடு இருந்தது. அதைக் காட்டி அம்மா நூற்றைம்பது குறைத்துவிட்டாள்.

மைதீன் அண்ணே, உங்கள் கடை எந்தத் தெரு? அடுத்த வாரம் கல்யாணப் பலசரக்குக்கு வர வேண்டும்.